கல் காலியாகக் கிடக்கக் கூடாது

நான்காவது பிள்ளை வயிற்றில் தங்கியபோது எனக்குப் புளி வாசனையே ஆகவில்லை. பிள்ளைத்தாய்ச்சி என்றால் புளிக்கு அலைவாள் என்று ஊரே சொல்லும். நானோ புளி மண்டியில் வேலை செய்துகொண்டு, புளியைக் கண்டாலே குமட்டி, குமட்டியது யாருக்கும் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கோணல்தான் இவ்வளவுக்கும் காரணம்.

மண்டி மத்தூருக்கு வெளியே இருந்தது. பெரிய தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் சாணி மெழுகிய களம். கொட்டகைக்குள் பன்னிரண்டு கல், பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கொரு தட்டைக்கல், ஒரு மரக்கட்டை. ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கட்டையால் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். ஒரு கல்லுக்கு ஒரு நாளைக்கு ஒரு குவியல். குவியல் முடிந்தால்தான் கூலி. மாசியில் புளி வந்து இறங்கினால் ஆடி வரைக்கும் ஓடும். அப்புறம் நிலக்கடலை உடைப்பு. சரக்கு மாறும், கல் மாறாது. ஆனால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒரு கல் காலியாகக் கிடந்தால், வெளியே வேப்ப மரத்தடியில் காத்திருக்கிற பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள். பிறகு அழுதாலும் கிடைக்காது. மாசமாக இருக்கிறவளுக்குக் கல்லே கிடையாது என்பது மேஸ்திரி போட்ட சட்டம்.

மாகாணத்தை மொழிவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஓசூர் நமக்கா மைசூருக்கா என்று டீக்கடையில் கை நீட்டிச் சண்டை போடுவார்கள். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கல் யாருக்கு என்பதுதான் எங்கள் கவலை.

என் வீட்டுக்காரர் முந்தின வருஷம் புளி உலுக்கப் போய்க் கிளை முறிந்து விழுந்தார். உயிர் பிழைத்தது, இடுப்பு பிழைக்கவில்லை. கம்பு ஊன்றி வாசல் வரை வருவார். மூன்று பிள்ளைகளையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அதில் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் எரிகிற அடுப்பு என் கல்லை நம்பி எரிந்தது. கல் போனால் ராகிக் களி போகும். களி போய்க் கூழாகும், கூழ் போய்த் தண்ணீராகும். அந்தப் படியெல்லாம் அவர் விழுந்த வருஷமே இறங்கிப் பார்த்துவிட்டேன்.

அதனால் கலைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. கல்லாவிப் பக்கம் ஒரு மருந்துக்காரி இருந்தாள். சந்தை நாளில் போனால் யாருக்கும் சந்தேகம் வராது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். அந்த இரண்டு வார்த்தையைப் போல் எனக்கு எரிச்சல் மூட்டுகிற வார்த்தை வேறில்லை. நல்லது நடந்தால் அவருடைய பெருந்தன்மை, கெட்டது நடந்தால் என்னுடைய இஷ்டம்.

பயம் இல்லாமல் இல்லை. மண்டியில் மூன்றாம் கல்லில் இருந்தவள் அதே மருந்துக்காரியிடம் போய் வந்து, ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து, போய்ச் சேர்ந்தாள். அது தெரிந்தும்தான் நாள் குறித்தேன்.

என் பக்கத்துக் கல்லில் இருந்தவளும் கிட்டத்தட்ட என் வயதுக்காரி. புருஷன் செத்து ஐந்து வருஷம், பிள்ளை கிடையாது. அவளுக்கு ஒரு பழக்கம். கொட்டை எடுத்த புளியில் ஒரு துண்டைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டுதான் வேலை செய்வாள். காலையில் வைத்தால் மத்தியானம் வரைக்கும் அது கரையாது. "வெறும் வாய்க்கு அதாவது இருக்கட்டும்" என்பாள். அவளுக்கும் எனக்கும் பெரிய சிநேகம் என்று சொல்ல முடியாது. கல் பக்கத்தில் இருந்ததால் பேசிக்கொண்டோம்.

சந்தைக்கு நான்கு நாள் இருக்கும்போது, பங்குனி வெயிலில், அடக்க முடியாமல் கொட்டகைக்குப் பின்னால் ஓடி உப்பு மூட்டைகளுக்கு நடுவில் வாந்தி எடுத்துவிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி வந்தான். கோபம் வந்தால் அவன் தெலுங்குக்குப் போய்விடுவான். அன்றைக்கு முதலில் தெலுங்கில் திட்டிவிட்டுத்தான் தமிழுக்கு வந்தான்.

"உப்பு மூட்டைகிட்ட வாந்தி எடுத்தவ எவ?"

அவன் ஒவ்வொரு கல்லாக மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே வந்தான். என்னைத் தாண்டினான். பக்கத்துக் கல்லில் நின்றான். அவளுடைய கன்னம் புடைத்திருந்தது.

"புளி கேக்குதா உனக்கு? தாலி அறுத்தவளுக்கு எதுக்குடி புளி கேக்குது?"

கட்டைச் சத்தம் மொத்தமும் நின்றது. ஒரு பெண்ணின் மானம் போக அந்த ஒரு கேள்வி போதும். சாயங்காலத்துக்குள் மத்தூர் முழுக்கப் பரவியிருக்கும்.

அவள் அழவில்லை. புளித் துண்டைக் கையில் துப்பி அவன் முன்னால் நீட்டினாள். "மேஸ்திரி, எம் புருசன் போயி அஞ்சு வருசம். அஞ்சு வருசமாத்தான் நான் புளி திங்கறேன். அஞ்சு வருசமா எவளாச்சும் மாசமா இருப்பாளா? ஆனைகூட அத்தனை நாளு சொமக்காது."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. அவன் முகம் கறுத்தது. "களத்தை வுட்டு எறங்கு" என்றான்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். குனிந்து கல்லில் இரண்டு அடி அடித்தேன். இன்னும் நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்துவிடும், கல் எனக்கு நிலைக்கும் என்று மனசு சொல்லிற்று. அவள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அப்போது என் கையும் நின்றுவிட்டது.

"அவ இல்ல. நான்தான் வாந்தி எடுத்தேன். நான்தான் மாசமா இருக்கிறேன்."

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரித்தான். "நீயா? அதுக்கென்னா இப்ப. போயி வயித்தக் கழுவிக்கினு வா. கல்லு இருக்கும்" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அதே காரியத்துக்குத்தான் நானே நாள் குறித்து வைத்திருந்தேன். ஆனால் அது நான் எடுத்த முடிவு. என் மூன்று பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்து எடுத்த முடிவு. அதை அவன் கூலிக்குப் போடுகிற நிபந்தனையாகச் சொன்னபோது, என் வயிறு என்ன இவன் களத்துச் சாக்கா என்று தோன்றியது.

"வெச்சிக்கறதும் வெச்சிக்காததும் என் பாடு. கல்லு என்னுது. நான் எந்திரிக்க மாட்டேன்" என்றேன்.

"எந்திரிக்க மாட்டியா?"

"மாட்டேன்."

பக்கத்துக் கல்காரி நின்றபடியே சொன்னாள்: "அப்ப நானும் கட்டையத் தொட மாட்டேன்." அவளுக்கு அடுத்தவள் கட்டையைக் கீழே வைத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக. யாரும் கூடிப் பேசிச் செய்ததில்லை. மூன்றாம் கல்லை எல்லோரும் ஒருமுறை பார்த்தோம், அவ்வளவுதான்.

எங்கள் நல்ல நேரம், கிழக்கே கோடை மழை கறுத்துக்கொண்டு வந்தது. களம் முழுக்கத் தட்டி முடித்த புளி காய்ந்துகொண்டிருந்தது. நனைந்த புளி மாட்டுக்குக்கூட ஆகாது. மேஸ்திரி கத்தினான், எங்களில் ஒருத்தியும் அசையவில்லை. முன்பக்கக் கடையிலிருந்து முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டார், வானத்தைப் பார்த்தார்.

"எனக்கு வயித்துக் கதையெல்லாம் வேணாம். கல்லு காலியாக் கெடக்கக் கூடாது. ஆரு உக்காந்தா எனக்கென்னா? மொதல்ல புளிய அள்ளுங்கம்மா!"

அள்ளினோம். முந்தானையில், கூடையில், சாக்கில். கடைசிக் கூடை உள்ளே வரவும் தகரத்தில் மழை இறங்கவும் சரியாக இருந்தது.

மழை விடும் வரை கொட்டகைக்குள் பேச்சு என் வயிற்றைப் பற்றித்தான். இப்போது பெரிய பெரிய சபைகளில் இதைப் பற்றி வாதாடுகிறார்கள். அன்று பன்னிரண்டு பெண்கள் புளிச் சாக்கில் உட்கார்ந்து பேசியதைவிட அதிகமாக எதையும் நான் இன்னும் கேட்கவில்லை. கடைசிக் கல்காரி குரல் பெரியது. ஏழு பெற்று மூன்றைக் காப்பாற்றியவள். "தங்குனது உசுரு. தங்காதான்னு தவம் கெடக்கறவ எத்தனை பேரு. மரம் வெச்சவன் தண்ணி ஊத்த மாட்டானா?" என்றாள்.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று சொல்கிறவர்கள் ஒருநாள் என் வீட்டு அடுக்குப்பானையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஆனால் அவள் வீட்டுப் பானையும் அப்படித்தான் இருந்தது. அதனால் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

தெலுங்கு பேசுகிற வீட்டிலிருந்து வந்த சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். எங்கள் எல்லோரையும்விட இளையவள், அப்போதே இரண்டு பிள்ளைக்காரி. "கலைச்சா ஜெயில்ல போடுவாங்களாமே அக்கா. பால் பவுடர் குடுக்க வர்ற நர்சம்மா சொன்னாங்க" என்றாள். சொன்னது உண்மை. அந்த அம்மா சட்டத்தையும் சொன்னார், பால் பவுடரும் கொடுத்தார். கொடுத்த பவுடர் பத்து நாளைக்கு வந்தது. சட்டம் மட்டும் வருஷம் முழுக்க வந்தது.

பக்கத்துக் கல்காரி அதுவரை பேசவில்லை. கன்னத்தில் புதிதாக ஒரு துண்டுப் புளியை அதக்கிக்கொண்டு, "பெத்துக்கோன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன். மொதலாளி என்னா சொன்னாரு? கல்லு காலியாக் கெடக்கக் கூடாதுன்னாரு. காலியா வுட வேணாம். முய்யாளு உக்காருவோம்" என்றாள்.

முய்யாள் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கன்னடக்காரர்களும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். இன்றைக்கு நீ என் காட்டில் களை எடுத்தால் நாளைக்கு நான் உன் காட்டில் எடுக்க வேண்டும். கூலி கிடையாது, ஆளுக்கு ஆள். ஆனால் காடு இருக்கிறவர்களுக்குத்தான் முய்யாள். காடு இல்லாத எங்களுக்கும் அது உண்டு என்று அதற்கு முன் யாருக்கும் தோன்றியதில்லை. பிள்ளை பெற்று நான் வீட்டில் கிடக்கிற ஒரு மாசமும், விடிவதற்குள் ஒருத்தி வந்து தன் குவியலை முடித்துவிட்டு, பிறகு என் கல்லுக்கு மாறி என் குவியலையும் முடிப்பாள். அந்தக் கூலி என் வீட்டுக்கு வரும். அடுத்த நாள் அடுத்தவள். அவளவளுக்குப் பிரசவம் வரும்போது நான் போய் உட்கார வேண்டும்.

"உனக்கு நான் எப்பிடித் திருப்பறது?" என்று அவளிடம் கேட்டேன்.

"வேண்டியப்ப நான் கேக்கறேன்" என்றாள்.

சந்தை நாளில் நான் கல்லாவிக்குப் போகவில்லை. பாவம் என்று பயந்து அல்ல. ஜெயிலுக்குப் பயந்தும் அல்ல. ஒரு மாசத்துக் கூழுக்கு வழி பிறந்தது. மருந்துக்காரியிடம் என்னைத் தள்ளிக்கொண்டிருந்தது அந்த ஒரு மாசம்தான் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது.

ஐப்பசியில் பெண் பிறந்தாள். இருபத்தெட்டு நாள் என் கல்லில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். மாலையில் என் வீட்டுக்காரர் கம்பு ஊன்றி வந்து கூலியை வாங்கிப் போவார். அவர் வருவதைப் பார்த்து மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று பெண்கள் வந்து சொல்லிச் சிரிப்பார்கள். இருபத்தொன்பதாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகை விட்டத்தில் தூளி கட்டினேன். என் கல்லில் கடலைத் தொலி கிடந்தது. அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷம், சொன்னால் நம்ப மாட்டார்கள், பிள்ளை பிறந்தபோதுகூட வரவில்லை.

அதற்கப்புறம் முய்யாள் எங்கள் மண்டியில் வழக்கமாயிற்று. அடுத்த மாசியில் தெலுங்கு வீட்டுச் சின்னப் பெண் மூன்றாவது பிள்ளை பெற்றாள். அவளுக்கும் ஒரு மாசம் உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்தேன்.

எட்டு மாசம் போயிற்று. கடலை உடைப்பு நடந்துகொண்டிருந்த சமயம், ஒருநாள் அவள் கல் காலியாக இருந்தது. மறுநாளும் வரவில்லை. மத்தியானம் விஷயம் வந்தது. கைப்பிள்ளைக்காரி மறுபடி முழுகாமல் இருந்திருக்கிறாள். யாரிடமும் மூச்சு விடாமல் கல்லாவிக்குப் போயிருக்கிறாள். ரத்தம் நிற்காமல் கட்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்துவிட்டாள், எழுந்து நடக்க ஒரு மாசமாகும் என்றார்கள்.

மூன்றாம் நாள் காலை. வேப்ப மரத்தடியில் நான்கு பெண்கள் அந்தக் கல்லுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். மேஸ்திரி வாசலில் கைகட்டி நின்றான்.

"அவ கல்லுல இன்னிக்கி ஆரு?" என்று பக்கத்துக் கல்காரி கேட்டாள்.

கடைசிக் கல்காரிதான் முதலில் பேசினாள். "பெத்தவளுக்குத்தான் முய்யாளு. கொன்னவளுக்கு இல்ல. எங்கையால நான் செய்ய மாட்டேன்." பிறகு என்னைக் காட்டினாள். "இதோ இவளும்தான் பஞ்சத்துல கெடந்தா. நெஞ்சுறுதியா நின்னு பெத்துக்கல? அந்தப் புத்தி அவளுக்கு எங்க போச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மகள் தூளியிலிருந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு எனக்கே அது பழகிவிட்டது. நெஞ்சுறுதிக்காரி! நான் நாள் குறித்திருந்தது என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது முறையாகத் தலை குனிந்தேன்.

பக்கத்துக் கல்காரி என் முன்னால் வந்து நின்றாள். "எனக்கு நீ முய்யாளு திருப்பணும்."

"திருப்பறேன்."

"எனக்குப் புருசனும் இல்ல, பிள்ளையும் பொறக்கப் போறதில்ல. பெத்துத்தான் வாங்கிக்கணும்னா நான் சாவற வரைக்கும் வாங்க முடியாது. அதனால இன்னிக்கே கேக்கறேன். அந்தக் கல்லுல போயி உக்காரு."

எழுந்தேன். அவள் எழுப்பித்தான் எழுந்தேன் என்பதில் இன்றைக்கும் எனக்கு வெட்கம் உண்டு. அந்தக் கல்லுக்குப் போய் முந்தானையைச் செருகிக்கொண்டு, உட்காருவதற்கு முன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"நான் நெஞ்சுறுதிக்காரி இல்ல. கல்லாவிக்குப் போக நானும் நாளு வெச்சிருந்தேன். மேஸ்திரி இவளை எழுப்பலேன்னா, நீங்க எங்கல்லுல உக்காரலேன்னா, நான் போயிருப்பேன். போயி மூணாங்கல்லுக்காரி மாதிரி செத்திருந்தாலும் செத்திருப்பேன். எனக்கு நீங்க உக்காந்த மாதிரிதான் அவளுக்கும் நான் உக்காருவேன்."

மேஸ்திரியைப் பார்த்தேன். "கல்லு காலியா இல்ல மேஸ்திரி" என்றேன். அவன் வேப்ப மரத்துப் பக்கம் போனான்.

எல்லோரும் மனசு மாறிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். பத்துப் பேரில் ஆறு பேர் முறை வைத்து உட்கார்ந்தார்கள். கடைசிக் கல்காரி கடைசிவரை உட்காரவில்லை. ஆனால் அந்த எட்டு மாசக் கைப்பிள்ளையைத் தினமும் மத்தியானம் தூக்கி வரச் சொல்லி, தன் கடைசிப் பிள்ளைக்கு வைத்திருந்த பாலில் பாதியை அதற்குக் கொடுத்தாள். "அது என்னா பண்ணுச்சு?" என்று முறைப்பாள். அவளோடு நான் அந்த விஷயத்தில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அவளை மரியாதைக் குறைவாக நினைக்கவும் என்னால் முடியவில்லை.

முப்பத்திரண்டு நாள் கழித்துச் சின்னப் பெண் வந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. தன் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போன நேரத்தில் நான் அவளிடம் கேட்டேன். எனக்குள் அறுத்துக்கொண்டிருந்த கேள்வி அது.

"ஏண்டி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மறுபடியும் முய்யாளு உக்காந்திருக்க மாட்டோமா?"

அவள் கடலையை உடைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். "எட்டு மாசத்துக்கு முன்னதான அக்கா எல்லாரும் எனக்காக ரெட்டை வேலை செஞ்சீங்க. நானே இன்னும் திருப்பி முடிக்கல. மறுபடியும் உக்காருங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?"

நாங்கள் நல்லது செய்கிறோம் என்று நிமிர்ந்திருந்தோம். அந்த நல்லதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்கக் கூசித்தான் அவள் சாகத் துணிந்திருக்கிறாள்.

அன்று மாலையே பக்கத்துக் கல்காரியும் நானும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். நான் அந்த மண்டியில் இருந்த கடைசி நாள் வரைக்கும் அது நடந்தது. எவள் கல்லாவது காலியாக இருந்தால், அவள் பெற்றாளா, இழந்தாளா, கலைத்தாளா என்று யாரும் விசாரிக்கக் கூடாது. அவளாக வந்து கேட்கும் வரைக்கும் காத்திருக்கவும் கூடாது. முதலில் பார்த்தவள் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.